முத்திரையும் மனச்சான்றும்

இங்கிலாந்து நாட்டில் பணத்தைக் கையாளும் நிறுவனங்களின் கடிதங்களை எடுத்துப் பார்த்தால், தாளின் அடியில் சிற்றெழுத்தில் ஒரு வரி காணப்படும். அந்நிறுவனம் நிதி நடத்தை ஆணையத்தின் அனுமதி பெற்று அதன் ஒழுங்குமுறைக்கு உட்பட்டு நடப்பது என்பதே அவ்வரியின் பொருள். காப்பீட்டுப் பத்திரத்தின் கீழும், ஓய்வூதிய ஆலோசகரின் முகவரித் தாளிலும், முதலீட்டு விளம்பரத்தின் ஓரத்திலும் அது இருக்கும். பெரும்பாலோர் அதனை ஊன்றி வாசிப்பதில்லை. ஆயினும் அது அங்கே இருக்கிறது என்பதைக் கண் அறிகிறது. அறிந்ததும் மனம் சற்றே அமைதி கொள்கிறது. 'யாரோ பார்த்துக்கொள்கிறார்கள்' என்னும் அமைதி அது.

அந்த அமைதிக்கு அடிப்படை என்ன? ஒரு முத்திரை எதற்குச் சான்று பகர்கிறது? அதை நம்பி ஒருவர் தம் முதுமைக்காலச் சேமிப்பை ஒப்படைத்து, அதை இழந்தும் விட்டால், முத்திரையிட்டவருக்கு அதில் பங்கு உண்டா, இல்லையா? சட்ட அறிஞர்களுக்கு மட்டும் உரிய கேள்வியாக இது முதலில் தோன்றலாம். சற்று ஆழ்ந்து நோக்கினால், பிறருக்காக ஒருமுறையேனும் நற்சான்று எழுதிக் கொடுத்த எவரும் இதிலிருந்து விலகி நிற்க முடியாது என்பது விளங்கும்.

வாயிற்காவல்

பிரித்தானிய நாடாளுமன்றம் 2000-ஆம் ஆண்டில் நிதிச் சேவைகள், சந்தைகள் சட்டத்தை இயற்றியது. அதன் 19-ஆம் பிரிவு ஒரு பொதுத் தடையை விதிக்கிறது. சட்டம் குறிப்பிடும் நிதித் தொழில்களை, அனுமதி பெற்றவரோ சட்டம் விலக்களித்தவரோ தவிர வேறெவரும் செய்யலாகாது. மீறினால் 2 ஆண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. ஏனைய தொழில்களில் செய்யக் கூடாதவற்றைச் சட்டம் பட்டியலிடும், மற்றவற்றைச் செய்யலாம். இங்கோ வாயில் முதலிலேயே சாத்தப்பட்டிருக்கிறது. தட்டுபவர் தம் தகுதியைக் காட்டினால்தான் அது திறக்கும்.

அந்த வாயிலில் இன்று நிற்பது நிதி நடத்தை ஆணையம். 2008-ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப்பின், அதுவரை எல்லாவற்றையும் ஒருங்கே கவனித்துவந்த பழைய அமைப்பு பிரிக்கப்பட்டது. வங்கிகளும் பெரிய காப்பீட்டு நிறுவனங்களும் நொடித்துப் போகாதபடி பார்க்கும் பொறுப்பு இங்கிலாந்து வங்கியிடம் சேர்ந்தது. நிறுவனங்கள் மக்களிடம் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்று பார்க்கும் பொறுப்பு, 2013 ஏப்ரல் 1 அன்று பணி தொடங்கிய இவ்வாணையத்திடம் வந்தது. அதன் பெயரிலேயே 'நடத்தை' என்னும் சொல் அமைந்திருப்பது கருதத்தக்கது. பணத்தை அளப்பதற்கு அளவுகோல் உண்டு. நடத்தையை எதைக்கொண்டு அளப்பது?

ஆணையம் 5 அடிப்படை நிபந்தனைகளைக் கொண்டு அளக்கிறது. நிறுவனத்தின் அலுவலகம் நாட்டுக்குள் இருக்க வேண்டும். அதன் அமைப்பு, கண்காணிக்க இயலாதவாறு சிக்கலாக இருத்தல் ஆகாது. மேற்கொள்ளும் தொழிலுக்குப் போதுமான பணமும் ஆளும் அறிவும் வேண்டும். நடத்துபவர்கள் நேர்மையும் திறமையும் உடைய தகுதியானவர்களாக இருக்க வேண்டும். இறுதியாக, எவ்வழியில் பொருளீட்டப் போகிறார்களோ அவ்வழி ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும். விண்ணப்பிப்பவர் தொழில் திட்டத்தையும், வரவு செலவு மதிப்பீட்டையும், உரிமையாளர் யார் என்பதையும், தவறு நேர்ந்தால் கண்டுபிடிக்கும் ஏற்பாட்டையும் எழுத்தில் தர வேண்டும். மறுக்கப்பட்டால் தீர்ப்பாயத்திடம் முறையிடும் உரிமையும் உண்டு.

இந்த ஐந்தில் நான்கைத் தாளில் மெய்ப்பிக்கலாம். நேர்மையை எவ்வாறு மெய்ப்பிப்பது? பழைய குற்றங்கள், நொடிப்புகள், முந்தைய வேலையில் எழுந்த புகார்கள் ஆகியவற்றை ஆணையம் விசாரிக்கிறது. ஆயினும் அவையெல்லாம் ஒருவர் இதுவரை பிடிபடவில்லை என்பதையே காட்டும். அவருடைய உள்ளத்தைக் காட்டா. நாளை அவர் முன் எழப்போகும் சோதனையையோ எந்தப் படிவமும் அறியாது.

இக்குறையை ஓரளவு நிரப்பவே இன்னொரு முறை வந்தது. 2008-இன் வீழ்ச்சிக்குப்பின் யார் பொறுப்பு என்று கேட்டபோது, பெரும் வங்கிகளில் எவரும் முன்வரவில்லை. குழு முடிவெடுத்தது என்றார்கள். எனக்குத் தெரிவிக்கப்படவில்லை என்றார்கள். எல்லாருக்கும் பொதுவான பொறுப்பு, கடைசியில் எவருக்கும் உரியதன்று என்றாகிவிட்டது. ஆகவே 2016 மார்ச் முதல் வங்கிகளிலும், 2019 டிசம்பர் முதல் ஏனைய நிறுவனங்களிலும், உயர்நிலை மேலாளர் ஒவ்வொருவரும் எதெதற்குப் பொறுப்பு என்பதைப் பெயரிட்டு எழுதிவைக்க வேண்டும் என்று விதித்தார்கள். நிறுவனத்துக்கு மனச்சான்று கிடையாது, மனிதருக்கே உண்டு என்பதைச் சட்டம் தன் மொழியில் ஒப்புக்கொண்ட இடம் இது.

கண்காணிப்பு ஐயமா?

உள்ளே விட்டபின் காவல் ஓய்வதில்லை. 40,000-க்கு மேற்பட்ட நிறுவனங்கள் ஆணையத்தின் பார்வையில் உள்ளன. மிகப் பெரியவற்றுக்குத் தனி மேற்பார்வையாளர்கள் உண்டு. ஏனைய ஆயிரக்கணக்கானவை தொழில் வகைப்படி தொகுக்கப்பட்டு, தொகுதி தொகுதியாகக் கவனிக்கப்படுகின்றன. அவை குறித்த காலத்தில் கணக்குகளை அனுப்ப வேண்டும். ஐயம் எழுந்தால், நிறுவனத்தின் செலவிலேயே வெளி வல்லுநர் ஒருவரை வைத்து ஆராய்ந்து அறிக்கை தருமாறு ஆணையம் கட்டளையிடலாம். அனுமதியைக் குறுக்கலாம், நீக்கலாம், தண்டம் விதிக்கலாம், ஒருவர் இனி இத்தொழிலிலேயே இருக்கக் கூடாது என்று விலக்கலாம்.

இங்கே ஒரு பழைய சிக்கல் எழுகிறது. திருவள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்னும் 51-ஆம் அதிகாரத்தில், ஆராயாமல் ஒருவரை நம்புவதும், நம்பியபின் அவர்மேல் ஐயுறுவதும் தீராத துன்பம் தரும் என்கிறார். அவ்வாறாயின், ஆராய்ந்து அனுமதித்த நிறுவனத்தை ஆண்டுதோறும் சோதிக்கும் ஆணையம் வள்ளுவர் விலக்கிய இரண்டாவது பிழையைச் செய்கிறதா? நம்பிக்கை தருவதாகச் சொல்லிவிட்டுத் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பது, நம்பிக்கையையே மறுப்பது ஆகாதா? நேர்மையாளர் பலரும் தணிக்கையாளரைக் கண்டு மனம் புண்படுவது இதனால்தான்.

ஆனால் அடுத்த அதிகாரமாகிய 'தெரிந்து வினையாடல்' வேறொன்றையும் சொல்கிறது. தொழில் செய்வோன் கோணாமல் இருக்கிறானா என்று அரசன் நாள்தோறும் ஆராய வேண்டும். அவன் கோணாவிடில் உலகமும் கோணாது என்பது அதன் கருத்து. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. ஐயம் என்பது ஆளைப் பற்றியது. கண்காணிப்பு என்பது வினையைப் பற்றியது. 'நீ தீயவன்' என்று எண்ணிப் பார்ப்பது ஐயம். 'உன் கையில் இருப்பது பிறருடைய பொருள்' என்று எண்ணிப் பார்ப்பது கண்காணிப்பு. முன்னது பார்க்கப்படுபவரைத் தாழ்த்துகிறது. பின்னது அவர் ஏந்தியிருக்கும் பொறுப்பின் பெருமையை ஒப்புக்கொள்கிறது. திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2010 டிசம்பரில் வத்திக்கானுக்கே ஒரு நிதித் தகவல் ஆணையத்தை ஏற்படுத்தினார். அது 2020-இல் நிதி மேற்பார்வை என்னும் சொல்லையும் தன் பெயரில் சேர்த்துக்கொண்டது. புனிதமான நோக்கம் இருப்பதால் கணக்குக் காட்ட வேண்டியதில்லை என்று எவரும் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

கண்காணிப்பு தேவை என்பதற்கு அனுபவமும் சான்று. அனுமதி பெற்ற பெரிய வங்கிகளே, கடன் தவணைக் காப்பீடு என்ற ஒன்றை, அதனால் எப்பயனும் அடைய முடியாதவர்களுக்கும் ஆண்டுக்கணக்கில் விற்றன. அதற்காக 2011 முதல் அவை திருப்பிக் கொடுக்க நேர்ந்த தொகை 3,800 கோடி பவுண்டுக்கு மேல். அவ்வங்கிகள் தெருவோர ஏமாற்றுக்காரர்கள் அல்ல. வாயிலில் எல்லாச் சோதனையிலும் தேறி உள்ளே வந்தவை. நன்றாகத் தொடங்கியது நன்றாகவே தொடரும் என்பதற்கு உறுதி இல்லை.

ஒளிவட்டம்

இனி, நெஞ்சை உறுத்தும் நிகழ்ச்சி ஒன்றுக்கு வருவோம். இலண்டன் கேப்பிட்டல் அண்ட் ஃபைனான்ஸ் என்னும் நிறுவனம் 2016-இல் ஆணையத்தின் அனுமதியைப் பெற்றது. அது பெற்றது சில குறிப்பிட்ட ஆலோசனைப் பணிகளுக்கான அனுமதி. அதன் உண்மையான தொழிலோ சிறு கடன் பத்திரங்களை மக்களுக்கு விற்பது. 8 விழுக்காடு வரை வட்டி என்று விளம்பரம் செய்தது. அத்தகைய பத்திரங்களை வெளியிடுவதற்குச் சட்டப்படி ஆணையத்தின் அனுமதி தேவையில்லை. ஆகவே அப்பத்திரங்களை ஆணையம் ஆராய்ந்து ஏற்றதும் இல்லை. ஆனால் நிறுவனத்தின் பெயருக்குக் கீழே, அனுமதி பெற்றது என்னும் அந்தச் சிற்றெழுத்து வரி இருந்தது.

மக்கள் என்ன நினைத்தார்கள்? நாம் என்ன நினைத்திருப்போமோ அதையே நினைத்தார்கள். கடைக்காரரின் எடைக்கல்லில் அரசு முத்திரை இருக்கிறது. அதனால் கல்லின் எடை சரி என்பது மட்டுமே உறுதி. அரிசியில் கல் கலக்கவில்லை என்பதற்கு அந்த முத்திரை சான்றாகாது. ஆனாலும் முத்திரையிட்ட கல்லைக் காணும் வாடிக்கையாளரின் மனம், தானறியாமலே அரிசியையும் நம்பத் தொடங்கிவிடுகிறது. நிதித் துறையினர் இதற்கு இட்டிருக்கும் பெயர் நமக்கு வியப்பளிக்கும். 'ஒளிவட்ட விளைவு' என்கிறார்கள். நம் ஆலயங்களில் புனிதர்களின் திருவுருவங்களைச் சூழ்ந்து வரையப்படும் அதே ஒளிவட்டந்தான். ஆணையம் ஒரு பணிக்குத் தந்த அனுமதி, நிறுவனம் செய்த எல்லாவற்றின்மேலும் ஒளியாய்ப் படர்ந்தது.

2018 டிசம்பரில் ஆணையம் அவ்விளம்பரங்களை நிறுத்தச் சொன்னது. 2019 ஜனவரி இறுதியில் நிறுவனம் வீழ்ந்தது. ஏறத்தாழ 11,600 பேர் அதில் 23.7 கோடி பவுண்டு போட்டிருந்தார்கள். அவர்களில் ஓய்வுபெற்றோர் பலர். முதன்முறையாக முதலீடு செய்தோரும் பலர். அந்தப் பணம், ஒன்றோடொன்று தொடர்புடைய சில நிறுவனங்களுக்குப் போயிருந்தது. புதியவர்களின் பணத்தைக் கொண்டு பழையவர்களுக்குக் கொடுக்கும் ஏமாற்றுத் திட்டம் அது என்று 2024 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

முன்னாள் நீதிபதி எலிசபெத் குளாஸ்டர் அம்மையார் நடத்திய விசாரணையின் அறிக்கை 2020 டிசம்பரில் வெளிவந்தது. ஆணையம் தன் கடமையை உரியவாறு ஆற்றவில்லை என்று அது கண்டது. சட்ட எல்லைக்குள் அடங்கும் பணியை மட்டுமே அதிகாரிகள் பார்த்தார்கள். நிறுவனத்தை முழுமையாகப் பார்க்கவில்லை. 2015-இலேயே ஒரு நிதி ஆலோசகர் எச்சரித்துக் கடிதம் எழுதியிருந்தார். பின்னர்த் தொலைபேசியில் கேட்ட பொதுமக்கள் சிலருக்கு, அது அனுமதி பெற்ற நிறுவனம் என்ற ஆறுதலான மறுமொழியே கிடைத்தது. அக்கேள்விகளுக்குள் இருந்த அச்சம் மேலே செல்லவில்லை.

நேர்மையற்ற வீட்டுப் பொறுப்பாளரைப் பற்றி லூக்கா நற்செய்தியில் நாம் கேட்கும் உவமையில், பெரும்பாலும் கவனிக்காமல் விடும் சிறு குறிப்பு ஒன்று உண்டு. தலைவர் தாமாகவே குற்றத்தைக் கண்டுபிடிக்கவில்லை. பிறர் வந்து சொன்னார்கள், அவர் செவிகொடுத்தார், கணக்குக் கேட்டார். மேற்பார்வை என்பதன் பாதி கண்ணில் இருக்கிறது என்றால், மறுபாதி செவியில் இருக்கிறது.

யார் பொறுப்பு?

இப்போது கேள்வியை நேராகக் கேட்போம். ஏமாற்றியவர்கள் முதற் குற்றவாளிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் முத்திரையிட்டவர்?

பிரித்தானியச் சட்டம் ஆணையத்துக்கு ஒரு பாதுகாப்பைத் தந்திருக்கிறது. தீய எண்ணத்துடன் நடந்தாலோ மனித உரிமையை மீறினாலோ அன்றி, தன் பணியில் நேர்ந்த குறைக்காக அது இழப்பீடு தர வேண்டியதில்லை. இதற்குக் காரணமும் உண்டு. ஒவ்வொரு நிறுவனத்தின் வீழ்ச்சிக்கும் காவலர் பணம் கட்ட வேண்டும் என்றால், காவலர் அஞ்சி எவருக்கும் வாயிலைத் திறக்கமாட்டார். மேலும் ஆணையத்தின் செலவு அரசிடமிருந்து வருவதன்று. அனுமதி பெற்ற நிறுவனங்கள் கட்டும் கட்டணத்திலிருந்து வருகிறது. ஆகவே அது செலுத்தும் இழப்பீடு, இறுதியில் நேர்மையான நிறுவனங்களின் தலையிலும் அவற்றின் வாடிக்கையாளர் தலையிலும்தான் விழும். எந்த நிறுவனமும் ஒருபோதும் வீழாத நிலையை உருவாக்குவது தன் நோக்கமன்று என்று ஆணையமே வெளிப்படையாகச் சொல்கிறது. இவற்றை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எல்லாத் தீமையையும் தடுக்கும் காவலை வேண்டுவது, எவரையும் அசையவிடாத சிறையை வேண்டுவதாகும்.

ஆயினும், இழப்பீடு செலுத்தும் கடமை வேறு, பொறுப்பு வேறு. சட்டம் முன்னதை நீக்கலாம். பின்னதை நீக்க இயலாது. என் பெயர் ஒருவருடைய நெஞ்சில் நம்பிக்கையை விளைவிக்கிறது என்று எனக்குத் தெரியும்போது, அந்த நம்பிக்கை எதுவரை செல்கிறதோ அதுவரை என் அக்கறையும் செல்ல வேண்டும். 'நான் சான்று தந்தது அந்த ஒரு பணிக்கு மட்டுமே' என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேட்பவர் அப்படிப் புரிந்துகொள்ளவில்லை என்பதை அறிந்தும் வாளாவிருந்தால், அந்த உண்மையே மறைமுகப் பொய்யாகிவிடுகிறது. சட்டத்தின் எல்லை தாளில் வரையப்பட்ட கோடு. மனச்சான்றின் எல்லையோ, நம்மை நம்பியவர் நிற்கும் இடம்.

இதனை அந்நாடும் ஒருவாறு உணர்ந்தது என்றே சொல்ல வேண்டும். ஆணையம் பணத்தை இழந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டது. ஏனைய வழிகளில் ஈடு பெறாதவர்களுக்கு, அவர்கள் போட்ட தொகையில் 80 விழுக்காடு, அதிகபட்சம் 68,000 பவுண்டு என்று வரையறுத்து, அரசு 2021-இல் ஒரு திட்டம் வகுத்தது. துணிகரமான சிறு கடன் பத்திரங்களைப் பொதுமக்களிடம் விளம்பரப்படுத்துவது 2020 ஜனவரியில் தற்காலிகமாகத் தடைசெய்யப்பட்டு, பின்னர் நிலையான தடையாயிற்று. பயன்படுத்தாமல் வைத்திருக்கும் அனுமதியை விரைவில் நீக்கும் அதிகாரமும் ஆணையத்துக்குக் கிடைத்தது. வெறும் ஒளிவட்டத்துக்காகச் சுமக்கப்படும் முத்திரை ஆபத்தானது என்பதை அறிந்ததன் விளைவு இது.

இதனினும் ஆழமான மாற்றம் 2023 ஜூலை 31 அன்று நடைமுறைக்கு வந்தது. அதுவரை நிறுவனங்கள் பின்பற்ற வேண்டிய கோட்பாடுகள் 11. அவற்றுள் முதலாவது, தொழிலை நேர்மையோடு நடத்த வேண்டும் என்பது. அன்றுமுதல் 12-ஆவது ஒன்று சேர்ந்தது: பொது வாடிக்கையாளருக்கு நல்ல விளைவு கிட்டும்படி நிறுவனம் செயற்பட வேண்டும். 'தீங்கு செய்யாதே' என்பதிலிருந்து 'நன்மை விளையச் செய்' என்பதற்குச் சட்டம் ஓரடி எடுத்து வைத்திருக்கிறது. இது சிறிய அடியன்று. ஆனால் இதிலும் ஓர் இடர் இல்லாமலில்லை. நன்மை செய்ததாகக் காட்டும் படிவங்களை நிரப்புவதே நன்மை என்று நிறுவனங்கள் எண்ணத் தொடங்கினால், நேர்மை மீண்டும் தாளுக்குள் அடைபட்டுவிடும்.

நமக்குள்ளே ஒரு வாயில்

ஆகவே முத்திரை வீணா? இல்லை. அது இல்லாத சந்தையில் வலியவர் மட்டுமே வாழ்வர். ஆனால் முத்திரையால் ஆகக்கூடியதும் ஆகாததும் உண்டு. அது தீயவரை வாயிலில் ஓரளவு தடுக்கும். தடுமாறுபவரை அச்சத்தால் நிறுத்தும். நல்லவருக்குத் துணை நிற்கும். நல்லவரை உருவாக்க அதனால் ஆகாது. எவரும் பார்க்காதபோதும் கணக்கைச் சரியாக எழுதும் கை, வீட்டிலும் பள்ளியிலும் நெடுங்காலம் பயின்று உருவாகிறது. எந்த ஆணையமும் அதனை அளிக்க முடியாது; ஏற்கெனவே இருப்பதாகக் கொண்டுதான் தன் பணியைத் தொடங்க முடியும்.

இலண்டன் மாநகரத்து ஆணையத்தின் கதை நமக்கு எதற்கு என்று வாசகர் ஒருவர் கேட்கலாம். நாமும் சிறிய அளவில் முத்திரையிடுபவர்களே. திருமணப் பேச்சில் 'நல்ல குடும்பம்' என்று ஒரு சொல் சொல்கிறோம். வேலைக்குப் போகும் இளைஞனுக்கு நற்சான்று எழுதித் தருகிறோம். சீட்டுப் பிடிப்பவரைப் பற்றிப் பக்கத்து வீட்டம்மா கேட்டால், 'தெரிந்தவர்தான்' என்கிறோம். அச்சொல்லைச் சொல்ல நமக்கு ஒரு நொடி போதும். கேட்டவரோ அதன்மேல் தம் மகளின் வாழ்வையும், பல ஆண்டுச் சேமிப்பையும் வைத்துவிடுகிறார். பின்னர் ஏதேனும் நேர்ந்தால், 'எனக்கு அவ்வளவாகத் தெரியாதே' என்று நாம் விலகிக்கொள்கிறோம். அந்நேரத்தில் நாமும் கோட்டுக்கு இப்பால் நின்று, அப்பால் நடந்ததற்கு நான் பொறுப்பன்று என்று சொல்லும் அதிகாரியைப்போலவே பேசுகிறோம்.

ஒருவருக்காக நம் பெயரைக் கொடுக்குமுன், நாம் உண்மையில் எதை அறிவோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வது வாயிற்காவல். கொடுத்தபின், அந்தப் பெயர் எங்கெங்கே சென்று என்ன செய்கிறது என்று கவனித்திருப்பது கண்காணிப்பு. தவறியது தெரிந்தால், காலம் தாழ்த்தாமல் நம்மை நம்பியவரிடம் சென்று உண்மையைச் சொல்வதே அவருக்கு நாம் பட்ட கடன். அந்தக் கடனுக்கு விலக்களிக்கும் சட்டம் எந்த நாட்டிலும் இல்லை.